திரு. புள்ளி புள்ளி எழுதிக்கொள்வது

அனுப்புநர்: தங்கள் படிவத்தைக் கடைசிக் கட்டம்வரை நிரப்பியவர், தாம்பரம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேர்க்கைப் பிரிவு, வீட்டுமனை விற்கும் நிறுவனம் ஒன்று, சென்னை.

பொருள்: இணையதளத் தொடர்புப் படிவம் – பாராட்டுதல் மற்றும் ஒப்புதலைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் படிவம், நட்சத்திரக் குறியிட்ட கட்டங்கள் அனைத்தும்.

ஐயா / அம்மையீர்,

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். படிவம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. மூன்று பிரதி, சான்றொப்பம், 'பொருந்தாததை அடித்துவிடவும்' எல்லாம் பார்த்தாயிற்று. அரசாங்கப் படிவத்தை ஊரே திட்டும். திட்டட்டும். ஆனால் அதில் ஒரு யோக்கியம் இருந்தது. சர்வே எண்ணைக் கேட்டால் அது சர்வே எண்ணுக்காகத்தான். விண்ணப்பதாரர் என்ன கேட்டு வந்திருக்கிறார் என்பதற்கு ஒரு பத்தி இருக்கும். பதில் வருகிறதோ இல்லையோ, கோப்பில் அந்தக் கேள்வி உயிரோடிருக்கும். இந்தப் பழங்காலத்துப் பழக்கத்தைத் தங்கள் நிறுவனம் துணிந்து ஒழித்திருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பாராட்டுக் கடிதம்.

'எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்' என்ற தலைப்பின் கீழ் முதலில் பெயர் கேட்டீர்கள். முதல் பெயர், நட்சத்திரம். கடைசிப் பெயர், நட்சத்திரம். எங்கள் வீட்டில் யாருக்கும் கடைசிப் பெயர் இருந்ததில்லை. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். அந்த எழுத்தைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். 'குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை' என்று சிவப்பில் எச்சரித்தது. அப்பாவின் முழுப் பெயரைப் போட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கே உங்கள் ஆட்கள் அவர் பெயரைச் சொல்லி மனை வேண்டுமா என்று கேட்பார்கள். காலமானவருக்கு ஏன் அந்தத் தொந்தரவு? ஆகவே இரண்டு புள்ளி வைத்தேன். படிவம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து 'அன்புள்ள திரு. .. அவர்களே' என்று மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருக்கின்றன. பொங்கலுக்கும் ஒன்று வந்தது. சென்னையில் தலைமை அலுவலகம் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டுமே மனை விற்கும் ஒரு நிறுவனம், தமிழ்நாட்டுப் பெயர் நுழைய முடியாத வாசல் ஒன்றைக் கட்டி வைத்திருப்பது சாதாரண சாதனை இல்லை.

அடுத்தது நாடு. மனை இருப்பது மதுராந்தகம் பக்கம். வாங்க வருபவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரிய வேண்டாமா? பட்டியல் ஆப்கானிஸ்தானில் தொடங்கியது. இந்தியாவைத் தேடிக் கீழே இறங்கும் வழியில் பூவே தீவைப் பார்த்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது தென் அட்லாண்டிக் கடலில் இருக்கிறது, நார்வேக்குச் சொந்தம், ஏறக்குறைய முழுவதும் பனிப்பாறை, மனிதர் யாரும் குடியில்லை. இன்னும் இறங்கினால் ஹேர்ட் தீவும் மெக்டொனால்ட் தீவுகளும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை, அங்கும் குடியிருப்பவர் கிடையாது. உலக நாடுகளுக்கும் நிலப்பகுதிகளுக்கும் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 3166 என்ற பட்டியலில் இவை இருக்கின்றன. அதை யாரோ அப்படியே எடுத்து உங்கள் படிவத்தில் ஒட்டிவிட்டார்கள். பென்குயின்கள் அந்தத் தீவுகளில் ஏராளம். அவற்றில் ஒன்று படிவத்தை நிரப்பி, 'இது தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா?' என்று கேட்டால் என்ன சொல்வதாக உத்தேசம்? நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பென்குயினுக்காவது வரட்டும்.

தொலைபேசி எண்ணை இடைவெளி விட்டு எழுதியது என் தவறாம். படிவம் அதைச் சொன்ன கையோடு, அதுவரை நிரப்பியிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெள்ளையாக நின்றது. மீண்டும் புள்ளி, மீண்டும் புள்ளி, மீண்டும் ஆப்கானிஸ்தான்.

பட்ஜெட் கட்டத்துக்கு வருகிறேன். அதுவும் நட்சத்திரம் பெற்றது. உங்கள் பக்கம் முழுவதும் தேடினாலும் ஒரு சதுர அடி என்ன விலை என்பது கிடையாது; 'விலைக்கு அழைக்கவும்' என்பதுதான் உண்டு. மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்க்கவும் எண் கொடுக்க வேண்டும். கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்பவரிடம், 'முதல்ல உன் பையில எவ்வளவு இருக்குன்னு சொல்லு' என்று கோயம்பேட்டில் ஒரு வியாபாரி கேட்டால் அவர் கடையில் கூட்டம் நிற்காது. நீங்கள் அதையே கேட்டு, அதற்கு ஒரு பிரிவையும் ஒரு மேலாளரையும் வைத்திருக்கிறீர்கள். கீழிறங்கும் பட்டியலில் இருந்த மிகக் குறைந்த தொகை, 'ஐம்பது லட்சத்துக்குக் கீழ்'. ஓய்வூதியக்காரனின் நிலைமையை இவ்வளவு நாசூக்காக யாரும் சுட்டிக்காட்டியதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். படிவத்தின் அடியில் ஒரு பெரிய பெட்டி. 'உங்கள் செய்தி'. அதற்கு நட்சத்திரம் இல்லை. பக்கத்தில் சிறிய எழுத்தில் 'விருப்பமிருந்தால்'. எட்டுக் கட்டங்களில் கட்டாயமில்லாதது அது ஒன்றுதான். வந்தவரின் பெயர் வேண்டும், எண் வேண்டும், ஊர் வேண்டும், பட்ஜெட் எவ்வளவு என்பது வேண்டும். அவர் எதற்கு வந்தார் என்பது மட்டும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நான் விருப்பப்பட்டேன். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் இந்த மனைப்பிரிவின் பதிவு எண் என்ன, சதுர அடி என்ன விலை என்று கேட்டு எழுதினேன். 'ரெரா அப்ரூவ்டு, டிடிசிபி அப்ரூவ்டு' என்று உங்கள் பக்கத்தில் பச்சை எழுத்தில் மின்னியது, எண்ணைத்தான் காணோம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 11ஆம் பிரிவில், விளம்பரத்திலேயே ஆணையத்தின் இணையதள முகவரியும் பதிவு எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது நான் கேட்டது, கேட்காமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

பிறகு அழைப்புகள் வந்தன. முதலில் பேசியது ஒரு பதிவு செய்த குரல். அதற்குச் சற்று முன்தான் நான் இயந்திரமில்லை, மனிதன் என்று நிரூபிப்பதற்காகப் போக்குவரத்து விளக்குகள் உள்ள சதுரங்களையெல்லாம் தேடித் தேடித் தொட்டிருந்தேன். மனிதன் என்று உறுதியானதும் இயந்திரத்தை விட்டுப் பேச வைக்கும் இந்த முறை எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் ஒரு பெண் பேசினார். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும்.

"சார், ஓஎம்ஆர் பக்கம் பாக்கறீங்களா, ஜிஎஸ்டி ரோடு பக்கமா?"

"அம்மா, நான் பதிவு எண் கேட்டு எழுதியிருந்தேனே."

"எங்க ஸ்கிரீன்ல பேரு, நம்பரு, பட்ஜெட் மட்டும்தான் சார் வரும். மெசேஜ் எதுவும் வராது."

"அப்போ நான் எழுதினது எங்கம்மா போகுது?"

"தெரியல சார். ஞாயித்துக்கிழமை சைட் விசிட்டுக்குக் கேப் அனுப்பட்டுமா?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேச வேண்டும், எத்தனை பேரை வண்டியில் ஏற்ற வேண்டும் என்று அவருக்குக் கணக்கு வைத்திருப்பீர்கள். வாங்கக்கூடியவருக்கு உங்கள் மொழியில் லீடு என்று பெயராமே; அவர் திரையில் என்னைச் சூடான லீடு, வெதுவெதுப்பான லீடு, ஆறிப்போன லீடு என்று ஏதோ ஒரு வெப்பநிலையில் வைத்திருப்பீர்கள். குறை அந்தத் திரையில்தான். கேள்விப் பெட்டியைப் படிவத்தில் வரைந்துவிட்டு, அதற்கும் பதில் சொல்பவரின் திரைக்கும் இடையில் கம்பி இழுக்காமல் விட்டது யார்? மறதியாக இருக்காது என்பது என் எண்ணம். பதில் கிடைத்தவன் யோசிக்கப் போய்விடுவான். பதில் கிடைக்காதவன்தான் தொலைபேசியை எடுப்பான்.

ஒப்புதல் கட்டத்தை நான் தொடவில்லை. வரும்போதே டிக் அடித்து வைத்திருந்தீர்கள். நாங்களும் எங்கள் கூட்டாளிகளும் அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், வாட்ஸ்அப் அனுப்பலாம், தொந்தரவு செய்யாதே பட்டியலில் உங்கள் எண் இருந்தாலும் சரி என்று ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். 1909க்குச் செய்தி அனுப்பி அந்தப் பட்டியலில் எண்ணைச் சேர்த்து வைத்திருக்கும் என் போன்றவர்களை ஒரே டிக்கில் வெளியே கொண்டுவந்துவிட்டீர்கள். கூட்டாளிகள் யார் என்பதும் பிறகு தெரிந்தது: வீட்டுக் கடன்காரர், உள் அலங்காரக்காரர், ஒரு காப்பீட்டுக்காரர். காப்பீட்டுக்காரரும் 'திரு. ..' என்றே விளித்ததால், எண் எந்த வாசல் வழியாகப் போனது என்று கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2023இல் ஒன்று வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அவசரம் வேண்டாம், ஆறப்போட்டுப் படிக்கலாம். ஒப்புதல் தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது அது. நீங்களே எனக்காக அடித்த டிக் என் செயலாகுமா என்று உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் அறிவிப்பைப் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் அதில் இருக்கிறது. சட்டத்திலேயே ஒரு உதாரணமும் உண்டு. தொலைமருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சைக்கான தகவலோடு கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்கிறார். அப்போதும் அவர் ஒப்புதல் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும், எண்கள் அதற்குத் தேவையில்லை என்பதால். பதிவு எண் கேட்டவனின் எண் காப்பீட்டுக்காரருக்கு எதற்கு என்பதை இதே வழியில் யோசிக்கலாம்.

பக்கத்தை மூடப் போனபோது ஒரு சிறு சாளரம் குறுக்கே வந்தது. இரண்டு பொத்தான்கள். 'ஆம், சலுகை வேண்டும்'. 'வேண்டாம், நான் வாடகை வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்'. மறுப்பவரை வெட்கப்பட வைக்கும் இந்த உத்தியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், தடுக்கப்பட வேண்டிய 13 தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, மனை மகளுக்கு. ஆனாலும் அந்த இரண்டாவது பொத்தானை அழுத்தும்போது விரல் கூசத்தான் செய்தது. வேலை செய்கிறது உங்கள் தந்திரம்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தாமல் போனவர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. 2022இல் ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் ஒரு லட்சம் முன்னணி இணையதளங்களைச் சோதித்தார்கள். படிவத்தை அனுப்பும் முன்பே, தட்டச்சு செய்த மின்னஞ்சல் முகவரியைக் கண்காணிப்பு நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட தளங்கள், ஐரோப்பாவிலிருந்து பார்த்தபோது 1,844. அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950. உங்கள் தளம் அப்படி என்று நான் சொல்லவில்லை. படிவத்தில் எழுதி, அனுப்பும் முன்பே அழித்த என் தங்கையின் முகவரிக்கு உங்கள் சலுகை மடல் வந்தது தற்செயலாகவே இருக்கட்டும்.

நல்ல படிவம் செய்வது கடினமில்லை என்பதுதான் வேதனை. பெயருக்கு ஒரே கட்டம். அவரவர் தங்கள் பெயரை எப்படி எழுதுவார்களோ அப்படி. கேள்விப் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே, நட்சத்திரத்தோடு. பதில் மின்னஞ்சலிலா, தொலைபேசியிலா என்று வந்தவரே சொல்லட்டும். தொலைபேசி என்றால் எந்த நேரம் என்றும் சொல்லட்டும். தவறு இருந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் காட்டுங்கள், மற்றதை அழிக்காதீர்கள். எண்ணில் உள்ள இடைவெளியை நீக்குவது கணினிக்குக் கண்ணிமைக்கும் வேலை. தானியங்கி நிரல்களைப் பிடிக்க, மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை ஒளித்து வைத்தால் போதும். நிரல்தான் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும் என்று மருமகன் சொல்கிறார். விலையையும் பதிவு எண்ணையும் பக்கத்திலேயே போட்டுவிட்டால் பாதிப் பேர் படிவத்தையே தொட மாட்டார்கள். அங்கேதான் சிக்கல். மாதக் கடைசியில் நீங்கள் மேலே அனுப்பும் கணக்கில் லீடுகளின் எண்ணிக்கைதான் இருக்கும், பதில் பெற்றவர்களின் எண்ணிக்கைக்குப் பத்தி கிடையாது. பூவே தீவிலிருந்து வந்தாலும் லீடு லீடுதான்.

இனி, பொருளின் இரண்டாம் பகுதி. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. உங்கள் தனியுரிமைக் கொள்கையின் கடைசிப் பத்தியைப் படித்தேன். பெயரை நீக்க விரும்புவோர் தொடர்புப் படிவத்தை நிரப்ப வேண்டுமாம். நிரப்பினேன். புள்ளி, புள்ளி, இந்தியா, ஐம்பது லட்சத்துக்குக் கீழ். 'என் எண்ணை நீக்கவும்' என்று செய்திப் பெட்டியில் எழுதினேன், அது எங்கும் போகாது என்று தெரிந்தே. மறுநாள் காலை வேறொரு தம்பி அழைத்தார். மறுபடியும் ஆர்வம் காட்டியிருப்பதால் என்னைச் சூடான லீடாக உயர்த்தியிருக்கிறார்களாம். முன்பதிவுத் தொகையில் சிறப்புத் தள்ளுபடி உண்டாம்.

ஆகவே இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பதிவுத் தபாலைத்தான் 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடும் அலுவலரின் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் தெளிவாக எழுதச் சொல்லவும். கடைசிப் பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும்.

தங்கள் உண்மையுள்ள,
திரு. ..
(தங்கள் பதிவேட்டின்படி)

நகல்: பென்குயின்கள், பூவே தீவு – தகவலுக்காக.