கூடைக்குள் முற்றல் இலை

கேள்வி: தேயிலைக் கடையின் இணையதளத்தில் 'சிறந்த தேயிலை' என்று நூறு தடவை எழுதினால் கூகுளில் முதலில் வருமா? (வாசகர், ராகலை)

பதில்: தேயிலைத் தோட்டத்து ராகலைக்காரருக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்? கூடையில் முற்றல் இலையை அமுக்கி எடை காட்டினால் கணக்கப்பிள்ளை சும்மா விடுவாரா? கூகுளும் 2011 பெப்ரவரியில் பக்கங்களின் தரம் பார்க்கும் 'பாண்டா' என்ற நிரலைக் கணக்கப்பிள்ளையாகத் தராசடியில் நிறுத்தியது. சரக்கில்லாத பக்கங்கள் கீழே சரிந்தன.

அதற்குப் பதிலாக, ஆட்கள் தேடும் சொல் எது என்று பார்க்க வேண்டும். 1972இல் 'சிலோன்' போய் 'ஸ்ரீ லங்கா' வந்தது. தேயிலைக்கு மட்டும் இன்றும் 'சிலோன் டீ' என்றே பெயர். அதைத் தலைப்பில் வைத்துவிட்டு, எவ்வளவு உயரத்து மலை, எந்த மாதக் கொழுந்து, எத்தனை நிமிடம் ஊறவைப்பது என்று எழுதலாம்.

கேட்டவரின் கடிதத்திலேயே 'சிறந்த' ஆறு தடவை இருந்தது. ஐந்தை ஆசிரியர் வெட்டிவிட்டார்.