முள்சீத்தா மாமா

வீட்டில் யாருக்காவது கேன்சர் என்று தெரிந்த மறுவாரம், மஞ்சள் பையோடு வாசலில் நிற்பவர் முள்சீத்தா மாமா. எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவர். பொல்லாத மனுஷர் இல்லை. என்ன பேசுவதென்று தெரியாமல் பாதிச் சொந்தம் வாசலோடு விசாரித்துவிட்டு நழுவும்போது, இவர் உள்ளே வந்து கட்டிலோரம் உட்காருகிறார். உட்கார்ந்த பிறகுதான் வம்பு.

"கீமோ ஏத்துறாங்களாமே? அது பூரா கெமிக்கலும்மா."

பையிலிருந்து முள்சீத்தாப் பழம் வெளியே வரும். அடுத்து கோதுமைப்புல் பொடி, கருஞ்சீரகம், பெயர் எழுதாத ஒரு சூரணம். கூடவே சாட்சியும் வரும். "எங்க சம்பந்தியோட ஓரகத்தி தம்பி. நாலாவது ஸ்டேஜ். கைய விரிச்சுட்டாங்க. ஒரு மண்டலம் இதைச் சாப்பிட்டாரு. ஸ்கேனைப் பார்த்துட்டு டாக்டரே அசந்துட்டாரு!" அந்தத் தம்பியின் போன் நம்பரைக் கேட்டால் கிடைக்காது. அவர் எப்போதும் துபாயில்தான் இருப்பார்.

மாமாவிடம் விஞ்ஞானமும் உண்டு. "சீனியை நிறுத்துனா கட்டி பட்டினி கிடந்து செத்துப்போகும். 1931லயே ஒரு ஜெர்மன்காரன் இதைச் சொல்லி நோபல் பரிசு வாங்கிட்டான்." ஓட்டோ வார்பர்க் அந்த வருஷம் நோபல் வாங்கியது நிஜம். ஆனால் அது செல்கள் மூச்சுவிட உதவும் நொதியை ஆராய்ந்ததற்காக. புற்றுச் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுக்கின்றன என்று அவர் கண்டதும் நிஜம்தான். அதற்காக நாம் சீனியை நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்குமா? தசையைக் கரைத்தாவது கல்லீரல் சர்க்கரை தயாரித்துக்கொள்ளும். கட்டிக்கு முன்னால் ஆள் மெலிந்துபோவார். இதை மாமாவிடம் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு மருந்துக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று கேட்பார்.

கேன்சரைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. மாமா எங்கே விளம்பரம் செய்கிறார்? வீட்டுக்கே வந்துவிடுகிறார்.

எங்கள் அத்தைக்கு வந்தது நிணநீர்ச் சுரப்பியில். இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். மாமா ஒரு கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்பக்கத்தில் பத்தியம் எழுதிக் கொடுத்தார்: அரிசி ஆகாது, பால் ஆகாது, முட்டை ஆகவே ஆகாது, மூன்று வேளையும் பச்சைக் காய்கறிச் சாறு. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் இதற்கு நேர் எதிர்: அவித்த முட்டை, பருப்பு, எதுவானாலும் நன்றாக வெந்திருக்க வேண்டும், வெள்ளையணு இறங்குகிற நாட்களில் பச்சையாக எதுவும் கூடாது, சாதாரணக் கிருமியே அப்போது ஐசியு வரை கொண்டுபோய்விடும். இரண்டு தாளும் பிரிட்ஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. நாக்கு மரத்து, எதை வாயில் வைத்தாலும் இரும்பு வாடை என்று புலம்பிய அத்தை கேட்டதோ புளிரசமும் சுட்ட அப்பளமும். அது இரண்டு தாளிலும் இல்லை.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னேன்: "மாமா, அத்தைக்கு ஏத்துற மருந்துல வின்கிரிஸ்டின்னு ஒண்ணு. அது நித்தியகல்யாணிச் செடியில இருந்து எடுக்குறதுதான்."

மாமா வாயடைத்துப்போனார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில், வேரும் மண்ணுமாக, ஒரு கட்டு நித்தியகல்யாணியோடு வந்து நின்றார். யார் வீட்டு வேலியோ, பாவம். "கம்பெனிக்காரன் நம்ம செடியைப் பிடுங்கி நமக்கே விக்கிறான். எதுக்கு அது? அவிச்சு நேராவே குடிச்சுருவோம்."

மூட்டை மூட்டையாக இலையைக் கொட்டி, அதிலிருந்து துளியூண்டு பிரித்தெடுக்கிற சரக்கு அது. பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு இரண்டு மில்லிகிராமைத் தாண்டவிட மாட்டார்கள். ஏற்றும்போது இரத்தக் குழாயைவிட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள சதை வெந்துவிடும் என்று நர்ஸ் கண்ணெடுக்காமல் நிற்பார். செடியை அப்படியே அவித்தால் கிடைப்பது அளவு தெரியாத விஷம். நான் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க, மாமா அடுப்படிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

அத்தைதான் கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டாள். "அண்ணே, அவிக்கச் சொல்லுங்க. ஆளுக்கு ஒரு டம்ளர் குடிப்போம். மூத்தவர், முதல்ல நீங்க குடிங்க."

மாமாவின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. காலை, மதியம், ராத்திரி என்று அறை பிரித்த மாத்திரை டப்பா அங்கே இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கா? நான் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுறேனேம்மா. இது அதோட சேருமோ என்னமோ. எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."