சோளக்காடும் காடுதான்

கொங்குச் சீமையில் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு 'காட்டுக்குப் போறேன்' என்றால் புலி பார்க்கப் போகிறார் என்று அர்த்தமில்லை. களை வெட்டப் போகிறார். இங்கே மானாவாரி நிலத்துக்குப் பெயரே காடுதான். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, குடலைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறோமே, அந்தச் சோளக்காடும் பெயரில் அப்படியொரு காடு.

வட்டார வழக்கு என்று சிரித்துவிடலாம். ஆனால் டேராடூனில் இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனமும் கொங்குத் தமிழ்தான் பேசுகிறது. அதன் கணக்கில் ஒரு ஹெக்டேர் நிலம், அதில் 10 சதவீதம் மரக்கவிப்பு இருந்தால் போதும். வனப்பரப்பு! யார் நிலம்? கேட்காதே. என்ன மரம்? கேட்கவே கேட்காதே. மாந்தோப்பு வனம். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் நட்ட சில்வர் ஓக்கும் வனம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நிற்கும்வரை காடு, லாரி ஏறினால் பலகை.

நட்டவர்மேல் கோபமில்லை. சாமையும் தினையும் விதைத்தவருக்கு விலை வரவில்லை. ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி போட்டார், மிளகு போட்டார். வயிறு இருக்கிறதே. அதைக் காடு என்று எழுதி மேடையில் கைதட்டல் வாங்குகிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம். 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள். மாநிலத்தின் வன, மரப்பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 ஆக்குவார்களாம். ஆக்கிவிடுவார்கள். வரையறை கையில் இருக்கும்போது மரம் எதற்கு?

ஆடி 17, 18 தேதிகளில், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அரசு விழா. செம்மேட்டில் சிலைக்கு மாலை, மலர்க் கண்காட்சி, பேச்சு. பேச்சில் அந்த அம்பு வராமல் இருக்காது. யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு என்று ஒரே அம்பு ஐந்தைத் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். இன்று ஓரியே வந்து நாணேற்றினாலும் முதல் இரண்டுக்கு ஆள் இல்லை. பரவாயில்லை, அவன் வில்லைவிடக் கூர்மையான ஆயுதம் நம்மிடம் இருக்கிறது. பச்சை மைப் பேனா. இதே மலையின் தலையைச் சீவித்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் போனது. இந்தப் பேனா அம்பு எத்தனை உயிரைத் துளைத்தது என்று பாட வன்பரணர் இல்லை. பேச்சாளர்களும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

சரி, பழைய மரங்கள் எங்கேதான் மிச்சம்? சாமி காட்டில். மலையாளிப் பழங்குடிகளின் ஊர்களை ஒட்டி நிற்கும் கோயில் காடுகளில். கம்பிவேலி இல்லை. ஜீப் இல்லை. டெண்டர் இல்லை, அதனால் கமிஷனும் இல்லை. 'சாமி குத்தம்' என்கிற ஒற்றைச் சட்டம். அரசாணை எண் கிடையாது, அதனால்தானோ என்னவோ, அமலானது.

இப்போது அதற்கும் வழி கண்டாயிற்று. மரத்தடியில் இத்தனை காலம் நனைந்துகொண்டு நின்ற சாமிக்குத் திடீரென்று கான்கிரீட் கூரை தேவைப்படுகிறது. மரத்தை வெட்டி மண்டபம். மண்டபத்துக்கு டைல்ஸ். பிறகு சுவரில் பெயிண்டர் வந்து மரம், மான், மயில் வரைகிறார். அழகாகத்தான் வரைகிறார். நல்லவேளை, அந்தச் சுவர் ஒரு ஹெக்டேர் இல்லை. இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

கொல்லிப்பாவை என்று ஒருத்தி இந்த மலையைக் காக்கிறாள் என்பது கதை. கெடுக்க வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பாளாம். சிரிப்பிலேயே ஆள் காலி. எட்டுக்கை அம்மன்தான் அவள் என்கிறார்கள். அந்த 33 சதவீதக் கோப்பை எடுத்துக்கொண்டு போய் யாராவது ஒரு அதிகாரி அவள் முன்னால் நின்று சத்தமாகப் படிக்கட்டும். வாரிசு நியமனப் படிவத்தை முதலில் பூர்த்தி செய்துவிட்டு.