வாசல் வரைக்கும் 300

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டச் (வெள்ளியின் சுத்தம்) பார்க்காமல் யாரும் வெள்ளிக்குக் காசு எடுக்க மாட்டார்கள். அதே நாங்கள்தான் மாசா மாசம் 300 எம்பிபிஎஸ் நெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, வருகிறதா என்று உரசிப் பார்ப்பதே இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 6 காட்டும். அதுவும் நின்று நிதானித்து.

நெட்காரத் தம்பி வந்தார். மோடத்தில் வயரைச் சொருகி லேப்டாப்பில் பார்த்தார். 290-ஐத் தாண்டி ஓடியது. "லைனு பக்காவா இருக்குதுங்கண்ணா. வீடுதான் சரியில்லீங்க" என்றார். இதே வார்த்தையைச் சொன்ன வாஸ்துக்காரர் தட்சணை வாங்கிக்கொண்டு போனார். இவர் அதுகூடக் கேட்கவில்லை.

சொன்னது நிஜம். தாத்தா கட்டிய வீடு, சுவர் ஒன்றரை அடி. பின்சந்து வழியாக வயர் வந்ததால் மோடத்தைப் படுக்கையறையில், இரும்பு பீரோவின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகக்காரன், ஆனால் இரண்டு சுவரைக் கண்டால் படுத்துவிடும். 2.4 எப்படியோ தாண்டி வரும். அந்தப் பாதையில்தான் ஊரே நிற்கிறதே! ஒன்றோடொன்று இடிக்காத சேனல் அதில் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு 6-இல் குந்தியிருந்தது. லீ பஜாரில் லோடு இறக்குகிற நேரம் மாதிரி. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்புக்கும் அதே 2.4 பக்கம்தான் ஜாகை. அம்மா பால் சுட வைத்தால், மகளின் ஆன்லைன் வகுப்பில் வாத்தியார் திறந்த வாயை மூடாமல் நின்றுவிடுவார்.

பீரோவைத் தள்ளி வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கன்னி மூலைடா அது. உங்கப்பா வெச்ச எடம். நெட்டு வேணும்னா நெட்டு நகரட்டும்."

நெட்டு நகர்ந்தது. மோடத்திலிருந்து ஹாலுக்கு லேன் கேபிள் இழுத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ரவுட்டர், சேனல் 11. சோதித்தால் 94. எத்தனை முறை பார்த்தாலும் 94-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. இப்படி நூறுக்குக் கீழே வந்து சிக்கினால் சுவரைத் திட்டக் கூடாது, கேபிளைப் பார்க்க வேண்டும். உள்ளே நாலு ஜோடிக் கம்பி. நாலும் பிடித்தால்தான் ஆயிரம் வரை போகும், ஒன்று விட்டால் பெரும்பாலும் நூறுக்கு இறங்கிவிடும். தம்பி முனையை வெட்டி, பழுப்புக் கம்பியை நேராக்கி, மறுபடி கிரிம்ப் செய்தார். 280.

அம்மா ரவுட்டருக்குக் குங்குமம் வைத்தார். காற்றோட்டத் துளையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பையன் குரல் கொடுத்தான்: "அண்ணா, என்னண்ணா பண்ணீங்க? இப்பத்தான் நம்ம நெட்டு சூப்பரா எடுக்குது!"