இராமபாணமும் தாரஸ்தாயியும்: ஒரு வடசென்னை ஆய்வு

பழைய பிடில் மெட்டுப் புத்தகம் தேடி அலையும் இனம் வடசென்னையில் அருகி வருவதாகச் சிலர் வருந்துகிறார்கள். அது பெருகியதற்கே சான்று இல்லை.

ஆனால் பூர்வீகம் உண்டு. இன்று பெட்ரோலிய ஆலையால் பெயர் பெற்ற மணலிதான் அது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மணலி முதலியார் குடும்ப ஆதரவில் ராமசாமி தீட்சிதர் இங்கே குடியிருந்தார். அவருடைய கடைசி மகன் பாலுசுவாமி, ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். மூத்தவர் முத்துசுவாமி, கோட்டை பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் கட்டினார். நவராத்திரிக் கொலுவில் 'வந்தே மீனாக்ஷி' பாடும் சிறுமி, அயர்லாந்தின் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'வைத்தான் பாடிச் சுண்டல் வாங்கிப் போகிறாள்.

இத்துறையில் அரசு உத்தியோகஸ்தர்களின் ஆதிக்கம் தனி ஆய்வுக்கு உரியது. 1903இல் 1,850 ஐரிஷ் மெட்டுகளைப் புத்தகமாக்கிய பிரான்சிஸ் ஓ'நீல், சிகாகோவின் போலீஸ் தலைவர். அவருக்குப் பத்தாண்டு முன்பே, 1893இல், நம் கீர்த்தனைகளை மேல்நாட்டுக் குறியீட்டில் அச்சிட்ட சின்னசாமி முதலியார், சென்னைத் தலைமைச் செயலக ஊழியர். கைப்பணம் போயிற்று, கண்பார்வையும் போயிற்று. ஆனாலும் பாலுசுவாமியின் பேரனும் சுவீகாரப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதரை விடாமல் நச்சரித்தார். 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அந்த நச்சரிப்பின் பலன். ஆபீஸ் கோப்பு நகர்ந்ததா என்று வரலாறு கேட்கவில்லை.

உள்ளூர் வேட்டைக்காரரின் கனவோ 1900இல் வெளிவந்த 'பல்லவி ஸ்வர கல்பவல்லி'. ஆசிரியர் வீணை குப்பையரின் மகன், திருவொற்றியூர் தியாகையர். சொந்த ஊர்க்காரர் புத்தகம் சொந்த ஊர்ப் பழைய பேப்பர் கடையில்தான் கிடைக்கும் என்பது இவ்வினத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. தர்க்கம் பலவீனம்தான், ஆனால் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் வேறு போக்கிடம் என்ன?

கிடைத்தாலும் சிக்கல் தீராது. ஸ்வரத்தின் தலையில் புள்ளி இருந்தால் தாரஸ்தாயி, காலடியில் இருந்தால் மந்திரஸ்தாயி. இராமபாணப் பூச்சிக்கு இந்த இலக்கணம் தெரியாது. அது துளைத்த இடமெல்லாம் புள்ளி மாதிரியே தெரிகிறது. ஒரு ஓட்டையை நம்பிக் குரலை மேலே ஏற்றியவர் எந்தப் பாடாந்தரத்தைச் சேர்ந்தவர்? இந்தப் பூச்சியையும் வாக்கேயக்காரர் வரிசையில் சேர்ப்பதே நியாயம். பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மையா, துளையா என்று தெரிந்துவிடும். மெய்யான வேட்டைக்காரர் அப்படிப் பிடிப்பதில்லை, தாள் நொறுங்கிவிடுமாம்.

பிரதர்சினியை 1961 முதல் 1983 வரை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் ஐந்து பாகங்களாக வெளியிட்டது. இன்று இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். நோய் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, ஏனெனில் படிப்பது இவ்வினத்தின் நோக்கமாக என்றுமே இருந்ததில்லை.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாத்தா பெட்டியில் தெலுங்கு எழுத்தில் அச்சான தடித்த புத்தகம் இருந்தால், கிலோ என்ன விலை என்று கேட்பதற்குமுன் தெலுங்கு தெரிந்தவர் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடுங்கள்.