குருவிக் கண்ணும் வீட்டு வாடகையும்

வாடா பேராண்டி, உக்காரு. உன் ரூம் சுவத்துல ஒட்டியிருக்கியே சார்ட், பாத்தேன். அஞ்சு வருசத் திட்டமாம்! நேரு கூட இவ்வளவு தைரியமாப் போடல. மொத வருசம் தனிக் கண்காட்சி, மூணாம் வருசம் விருது, அஞ்சாம் வருசம் வெனிஸ் பியன்னாலே கலைவிழா. பேஷ். வாடகை எந்த வருசம்னுதான் காணோம்.

ஊரு பேரு அஸ்தினாபுரம்ங்கறதால அர்ச்சுனன் ஞாபகம் வந்துடுச்சோ? மரம் தெரியல, கிளை தெரியல, குருவிக் கண்ணு மட்டும் தெரியுதுன்னானே, அந்தக் கதையத்தானே உங்க ஆன்லைன் வகுப்புல சொல்றாங்க? அவன் குறி பாத்துட்டு வீட்டுக்குப் போனா அரண்மனைச் சாப்பாடு. உனக்கு ராஜேந்திர பிரசாத் ரோட்டு மெஸ்ஸுல பாக்கி. தனியாப் பழகின ஏகலைவன்தான்டா உனக்குச் சொந்தக்காரன். ஆனா கட்டை விரலை மட்டும் குடுத்துடாத. "சும்மா வரைஞ்சு குடு தம்பி, பேரு கிடைக்கும்"னு வர்றவன் எல்லாம் அதைத்தான் கேக்குறான்.

கே.சி.எஸ். பணிக்கர்னு ஒருத்தர் இருந்தார். தந்தி இலாகா வேலைய விட்டுட்டு, 1936ல, 25 வயசுல சென்னை ஓவியப் பள்ளியில மாணவனாச் சேர்ந்தார். 1957ல அங்கயே முதல்வர். அவருக்கு ஒரே கவலை: நல்லா வரையற பசங்க படிப்ப முடிச்சதும் சோத்துக்காக வேற வேலைக்கு ஓடிடறாங்களே! உலகப் புகழ்னு அவர் சார்ட் ஒட்டல. பசங்கள பாத்திக் துணி பண்ணவெச்சார். மெழுகு ஊத்தி, சாயம் ஏத்தி, வித்து, அந்தக் காசுல ஈஞ்சம்பாக்கத்துல 10 ஏக்கர் வாக்குல மணல்காட்ட வாங்கினாங்க. 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆச்சு. கைவினையில வயித்தக் கழுவிக்கிட்டு, மிச்ச நேரத்துல தன் படத்தை வரைஞ்சாங்க. கலைஞன் துணிக்குச் சாயம் போடறதான்னு அன்னைக்கும் எவனாவது மூக்கைச் சுளிச்சிருப்பான். அவனுக்கு ஈசிஆர்ல எத்தனை சென்ட் இருக்குன்னு கேளு.

இன்னொண்ணு. பணிக்கர் பேரு சொன்னாலே எல்லாரும் பேசற சொற்களும் குறியீடுகளும் வரிசை, எழுத்தும் கட்டமும் கணக்கும் கலந்த அந்தப் படங்கள், 1963 வாக்குலதான் ஆரம்பிச்சுது. மனுசனுக்கு வயசு அம்பதுக்கு மேல. எந்தச் சார்ட்டுல அதுக்குத் தேதி குறிச்சாரு?

விருது நடுவர் கையில. விக்கறது வாங்கறவன் கையில. உன் கையில இருக்கறது, காலைல போனை அணைச்சுட்டு ரெண்டு மணி நேரம் படத்து முன்னாடி நிக்கறது மட்டும்தான். அதைச் சார்ட்டுல எழுது. மாசம் முடிக்க வேண்டிய படம், அனுப்ப வேண்டிய விண்ணப்பம், எழுதி வெக்க வேண்டிய வரவு செலவு, இதை எழுது. கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாதமி மையத்துல என்ன நடக்குதுன்னு எட்டிப் பாரு. வெனிஸ் கனவு காண்றவன் கொச்சி பியன்னாலேக்கு ஒரு தடவையாவது ரயில் ஏறினியா?

உன் பாத்திக் எதுன்னு நீயே கண்டுபிடி. சிட்லபாக்கத்துல சனி, ஞாயிறு பசங்களுக்கு ஓவிய வகுப்போ, கல்யாண வீட்டுக்கு உருவப்படமோ, எதுவா இருந்தாலும் விலைய மொதல்லயே சொல்லிடு. "உங்க இஷ்டம் சார்"னு இளிச்சியோ, போச்சு.

ஞாயித்துக்கிழமை மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா சோழமண்டலத்துக்குப் போய்ட்டு வா. பெட்ரோல் காசு என்கிட்ட கேக்காத.