வரத்து அதிகம், வெளியேற்றம் குறைவு

தஞ்சாவூர்க்காரர் விடிந்ததும் இரண்டு எண்களைப் பார்ப்பார். ஒன்று மேட்டூர் அணை நீர்மட்டம். இன்னொன்று, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால், சர்க்கரை அளவு. நம்மவர் மூன்றாவதாக எடை மெஷினையும் பார்க்கிறார். மேட்டூர் ஏற வேண்டும், மெஷின் இறங்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு நேர்மாறாகச் செய்கின்றன.

இவருக்குப் பெயர் வேண்டாம். டெல்டாவில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்; ஒரு பெயரைச் சொன்னால் மற்ற தெருக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பாபநாசம் பக்கம் கொஞ்சம் நன்செய், குத்தகைக்கு விட்டாயிற்று. தஞ்சாவூரில் சொந்த வீடு. அமெரிக்காவில் ஒரு மகன். வேட்டியை வயிற்றுக்கு மேலே கட்டுவதா, கீழே கட்டுவதா என்ற வழக்கு மட்டும் பல வருஷமாகத் தீர்ப்பாகாமல் கிடக்கிறது.

டாக்டர் இஞ்ச் டேப்பை எடுத்தபோதுதான் விவகாரம் முற்றியது. "நம்ம நாட்டு ஆம்பிளைங்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்."

"எந்த இடுப்பு டாக்டர்? வேட்டிக்கு மேலயா, கீழயா?"

டாக்டர் விலா எலும்பையும் இடுப்பெலும்பையும் தொட்டு, நடுவில் டேப்பைச் சுற்றினார். டேப் எவ்வளவு காட்டியது என்பது குடும்ப ரகசியம். சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், உடம்பை அசைக்க வேண்டும் என்று அவர் விளக்க ஆரம்பித்ததும் நம்மவர் கை காட்டி நிறுத்தினார்.

"புரியுது டாக்டர். நீர்வரத்து குறையணும், வெளியேத்தம் கூடணும். அவ்வளவுதானே?"

ஊட்டச்சத்து நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆனால் காவிரி விவகாரத்தில் போலவே இதிலும் தத்துவம் எல்லோருக்கும் புரிகிறது. ஷட்டரைத் திறக்கும்போதுதான் தகராறு.

வெளியேற்றம் புது ஆற்றங்கரையில் தொடங்கியது. பெரிய கோயில் ஓரமாகப் போகிறதே, 1934-இல் மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டி முடித்த கல்லணைக் கால்வாய், அதன் கரையில். மகன் அனுப்பிய ஷூ, அதற்கு மேல் வேட்டி. கூட நான்கு நண்பர்கள். முக்கியமான விஷயத்தை நடந்துகொண்டே பேசக்கூடாது என்பது இந்தக் குழுவின் சட்டம். நின்றுதான் பேச வேண்டும். டெல்டாவில் எது முக்கியமில்லை? குறுவைக்குத் தண்ணீர் ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்களா, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் வாங்குவார்களா, சாக்கு இருக்கிறதா. ஒரு மணி நேர நடையில் முக்கால் மணி நேரம் சட்டப்படி நிற்க வேண்டியதாகிவிடுகிறது.

உண்மையிலேயே ஒரு மணி நேரம் நடந்தால் அவர் உடம்புவாகுக்கு ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் இரண்டு மெதுவடையும் ஒரு டிகிரி காபியும் உள்ளே போனால் அந்தக் கணக்கு நேராகிவிடும். நம்மவர் நடப்பது கால் மணி. வடை மட்டும் இரண்டுதான்.

"மெஷின் சரியில்லடி" என்றார் மாத முடிவில்.

அந்த நேரம் பார்த்து மகன் ஒரு வீடியோ அனுப்பினான். வீகன் சாப்பாடு, தாவரம் மட்டுமே. நம்மவர் சிரித்துவிட்டார். "நம்ம பரம்பரையே சைவம்டா. இதை அமெரிக்காக்காரன் சொல்லித் தரணுமா?"

"பால், தயிர், நெய் எதுவும் கூடாதுப்பா."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆடு, கோழி படாத வீடுதான். ஆனால் மாடு இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளை நகராது. காபி கறுத்தது. தயிர்சாதம் வெறும் சாதமாயிற்று. ஒரு வாரம் வாடிக் கிடந்தவர், திடீரென்று வக்கீலானார். நெல் தாவரமா இல்லையா? கரும்பு? பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் நிற்கும் தென்னை அத்தனையும் என்ன விலங்கா? கும்பகோணம் கடப்பாவை எடுத்துக்கொள்: பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய். ஒரு சொட்டுப் பால் உண்டா? கடப்பாவுக்கு இட்லி ஆறு என்பது அதன்பின் கொள்கை முடிவாயிற்று. நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் அசோகா அல்வா கிண்டச் சொன்னபோதுதான் வீட்டம்மா வாயைத் திறந்தார்.

"ஏங்க, எருமைகூடத்தான் பொழுதுக்கும் தாவரம் திங்குது. அது இளைச்சா கெடக்கு?"

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை யாரோ சொல்ல, வரகும் சாமையும் வீட்டுக்கு வந்தன. நன்செய்க்காரர் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அவர் அப்பாவுக்கு வரகு என்றால் புஞ்சைக்காடு, பஞ்ச காலம். நம்மவரோ அதைச் சன்ன அரிசியைவிட அதிக விலை கொடுத்து வாங்கிவந்தார். இரண்டு நாள் சாப்பிட்டார். மூன்றாம் நாள், "அரிசியைவிட்டு ஓட வேணாம், அரிசிக்குள்ளயே வழி இருக்கு" என்று கறுப்புக்கவுனி என்ற பாரம்பரிய அரிசிக்கு மாறினார். இயற்கை வேளாண்மைக்காக நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதும், நெல் ஜெயராமன் அலைந்து 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டதும் நிலத்துக்காகவும் விதைக்காகவும். நம்மவர் அதைத் தம் தட்டுக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். தவிடு நீங்காத அரிசியில் நார்ச்சத்து அதிகம், நியாயம்தான். ஆனால் கறுப்போ வெள்ளையோ, 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கும். நல்லது என்பதால் நம்மவர் ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டார்.

சம்பா நடவு சமயம் குத்தகைக்காரர், மகள் பிரசவத்துக்கென்று வெளியூர் போக, நம்மவர் கிராமத்தில் போய்த் தங்க வேண்டியதாயிற்று. ஆள் பற்றாக்குறை. அடைத்துக்கிடந்த வாய்க்காலை மண்வெட்டியால் தாமே வெட்டிவிட்டார், மடை மாற்றினார், வழுக்கும் வரப்பில் நாற்றுமுடியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போனார். மதியம், நடவுப் பெண்கள் தூக்குவாளியில் கொண்டுவந்த பழையதும் கீரை மசியலும், தொட்டுக்கொள்ள நாரத்தங்காயும். வடைக்கடை மூன்று கிலோமீட்டரில். போன் மோட்டார் கொட்டகையில் சார்ஜில் கிடந்தது.

திரும்பி வந்து ஏறினார். மெஷின் இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. இறங்கி, மெஷினைக் கூடத்துக்கு மாற்றி வைத்து மறுபடி ஏறினார். அதே இரண்டு கிலோ.

"பாத்தியா, கவுனி வேலை செய்யுது!"

"வயக்காட்டுல நாலு நாளா கவுனியா சாப்பிட்டீங்க? வேலை செஞ்சீங்க, நடந்தீங்க. அதான்."

நம்மவர் போனை எடுத்து நீட்டினார். அந்த நான்கு நாளுக்கும் நடைக்கணக்கில் சைபர்.

"நடந்தேங்கிறியே, அத்தாட்சி எங்க? விடு. கவுனி இன்னும் அஞ்சு கிலோ சொல்லு. இந்தத் தடவை கொஞ்சம் பாயசத்துக்கும் சேத்து."